கான்கிரீட் பீம் மீது கல் விழுந்தால்: விரிசலைக் கணினியில் வரவழைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மேலூர்ப் பக்கம் ஒரு கிரானைட் பட்டறை. லாரியில் கல் ஏற்றும் மேடையில் சங்கிலி நழுவி, இரண்டடிக்கு இரண்டடி அகலமும் ஓரடி கனமும் உள்ள கல் ஒன்று முழங்கால் உயரத்திலிருந்து பீமின் நடுவில் விழுந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். பீமின் அடியில் விரிசல், அது எதிர்பார்த்ததுதான். மேஸ்திரி என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பீமின் மேல்முகத்தைக் காட்டினார். கல் விழுந்த இடத்துக்கு இரண்டு பக்கமும், சற்றுத் தள்ளி, மேலிருந்து கீழ்நோக்கி மெல்லிய வெடிப்பு.

"கீழ வெடிச்சா புரியுது சார். தலையில ஏன் வெடிச்சிருக்கு? கம்பியத் தலைகீழாக் கட்டிட்டாய்ங்களா?"

கம்பி சரியாகத்தான் கட்டியிருந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி, கல்லூரியில் மெதுவாக ஏறும் சுமைக்கு மட்டும் பீம் கணக்குப் போட்டுப் பழகிய எல்லோரையும் மடக்கும் கேள்வி. அடி விழுந்த முதல் சில மில்லிசெகண்டில் பீம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. அதைத் தாளில் ஓரளவுதான் பிடிக்க முடியும். மீதியைக் கணினியில் மாதிரி கட்டித்தான் பார்க்க வேண்டும். அந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். சிவில் படித்தவர்களுக்காக எழுதுவது. ஃபைனைட் எலிமெண்ட், அதாவது பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக (எலிமெண்டுகளாக)ப் பிரித்துக் கணக்கிடும் முறை, என்றால் என்ன என்று ஓரளவு தெரிந்திருந்தால் போதும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் விரிசல் படத்தைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். சிவப்பும் நீலமுமாகத் திரையில் வருகிற படம் தப்பான கணக்கிலும் அழகாகவே வரும்.

முதல் வேலை தாளும் பேனாவும்

கணினியைத் திறக்கும் முன் விடை எந்த அளவில் வரும் என்று கையால் போட்டுவிட வேண்டும். எங்கள் பீமையே எடுத்துக்கொள்வோம். அகலம் 150, ஆழம் 250 மி.மீ. மொத்த நீளம் 2.3 மீட்டர், தாங்கிகளுக்கு இடையே 2 மீட்டர். எம்25 கான்கிரீட். கீழே இரண்டு 12 மி.மீ கம்பி, மேலே இரண்டு 10 மி.மீ கம்பி, எல்லாம் எஃப்இ 500 ரகம். ரிங் 8 மி.மீ, 150 மி.மீ-க்கு ஒன்று.

கல் 4 கன அடி. கிரானைட்டின் அடர்த்தி கன மீட்டருக்கு 2,650 கிலோ என்று வைத்தால் எடை 300 கிலோ. இந்தக் கல்லை அலுங்காமல் பீம் நடுவில் இறக்கி வைத்தால் சுமை 2.94 கிலோநியூட்டன், பீமை வளைக்கும் மொமென்ட் 1.47 கிலோநியூட்டன் மீட்டர். பீமில் முதல் விரிசல் விழ 5.5 கிலோநியூட்டன் மீட்டர் வேண்டும். பீம் கடைசியாகத் தாங்குவது, பாதுகாப்புக் குணகம் எதுவும் வைக்காமல் போட்டால், சுமார் 21.8. அதாவது நடுவில் 44 கிலோநியூட்டன். உட்கார்ந்திருக்கும் கல் ஒரு மயிரிழை விரிசலைக்கூடக் கொண்டுவராது.

இப்போது அதே கல் அரை மீட்டரிலிருந்து விழட்டும். மோதும் வேகம் நொடிக்கு 3.13 மீட்டர், ஆற்றல் 1,471 ஜூல். மோதியதும் கல்லும் பீமின் நடுப்பகுதியும் ஒன்றாக இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். தாங்கிகளுக்கு இடையே உள்ள பீமின் எடை 180 கிலோ. நடுவில் மடங்கி இருபுறமும் நேர்கோடாக இறங்கினால் அதில் மூன்றில் ஒரு பங்கு, 60 கிலோ, கல்லோடு சேரும். வேகம் 2.61 ஆகக் குறைகிறது. மிஞ்சும் ஆற்றல் சுமார் 1,225 ஜூல். அதை 44 கிலோநியூட்டனால் வகுத்தால் 28 மி.மீ தொய்வு. வேகமாக இழுபடும்போது கம்பியின் வலு கூடும் என்று 1.2 மடங்கு கொடுத்தால் 23 மி.மீ. கல் இறங்க இறங்க அதன் எடை செய்யும் வேலை ஓரிரு மி.மீ சேர்க்கும். ஆக, 20-லிருந்து 30 மி.மீ-க்குள் தொய்வு, கல் நிற்க எடுக்கும் நேரம் சுமார் 20 மில்லிசெகண்ட்.

இந்த இரண்டு எண்களையும் தாளில் பெரிதாக எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கணினி 3 மி.மீ என்றோ 200 மி.மீ என்றோ சொன்னால், தப்பு கணினிக்குள் நாம் போட்ட ஏதோ ஒன்றில் இருக்கிறது.

எந்த மென்பொருள்

மோதலுக்கு எக்ஸ்ப்ளிசிட் முறை வேண்டும். நேரத்தை நுண்ணிய துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் விசையை நிறையால் வகுத்து முடுக்கம் கண்டு முன்னேறும் முறை அது. எல்எஸ்-டைனா, அபாகஸ் எக்ஸ்ப்ளிசிட், ஓபன்ரேடியாஸ் மூன்றும் இந்த வகை. முதல் இரண்டும் காசு. ஓபன்ரேடியாஸ் 2022-லிருந்து திறந்த மூலமாகக் கிடைக்கிறது. கான்கிரீட்டுக்கு அதில் லா24 என்ற மாதிரி உண்டு. அபாகஸின் மாணவர் பதிப்பு 1,000 நோடுக்கு (எலிமெண்டுகள் சேரும் புள்ளிக்கு) மேல் விடாது. அதில் இந்தப் பீமைக் கட்டுவது அண்டாவில் வைக்க வேண்டிய சோற்றை டம்ளரில் வைப்பது போல.

எல்எஸ்-டைனாவின் மூதாதை டைனா3டி. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ஜான் ஹால்க்விஸ்ட் 1976-ல் எழுதியது. தாழப் பறக்கும் விமானம் போடும் குண்டு தரையில் மோதினால் என்ன ஆகும் என்று பார்க்க எழுதினார்கள். அதே 1976-ல்தான் ஸ்வீடனில் ஹில்லர்போர்க்கும் கூட்டாளிகளும் கான்கிரீட் விரிசலுக்குப் புதுக் கணக்கு ஒன்றை வெளியிட்டார்கள். இன்று நம் வேலைக்கு இரண்டுமே வேண்டும்.

அலகு: நான் கவிழ்ந்த இடம்

மி.மீ, நொடி, டன், நியூட்டன். இந்த நான்கையும் எடுத்தால் தகைவு தானாக மெகாபாஸ்கலில் வரும். இதில் கான்கிரீட்டின் அடர்த்தி 2.4×10⁻⁹, இரும்பு 7.85×10⁻⁹, புவியீர்ப்பு 9,810.

எம்.இ. படிக்கும்போது நான் அடர்த்தியை 2.4×10⁻⁶ என்று போட்டேன். கிலோ கணக்கு மனதில் இருந்தது. கல்லின் எடையை மட்டும் சரியாக 0.3 டன் என்று கொடுத்திருந்தேன். கல் பந்து மாதிரி எகிறிப் போனது. பீமில் ஒரு கீறல் இல்லை. "மோதலை நன்றாகத் தாங்குகிறது" என்று ஸ்லைடு போட்டுப் பேசியும் முடித்துவிட்டேன். பின்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, உங்க பீம் எத்தனை டன்?" ஓட்டத்தின் தொடக்கத்தில் மென்பொருள் அச்சடிக்கும் மொத்த நிறையை நான் பார்க்கவே இல்லை. 207 டன். 207 கிலோ இருக்க வேண்டிய பீம்.

அன்றிலிருந்து எந்த மாதிரியையும் ஓட்டியதும் நான் பார்க்கும் முதல் வரி நிறை.

கான்கிரீட்டுக்கு என்ன எண் கொடுப்பது

இங்கேதான் முக்கால்வாசி வேலை இருக்கிறது, எனவே நிதானமாகப் போவோம்.

எம்25 என்பதில் உள்ள 25, நூற்றுக்கு ஐந்து கியூபுக்கு மேல் தோற்கக் கூடாத அளவு. டிசைனுக்கு அது சரி. ஆனால் நாம் இங்கே டிசைன் செய்யவில்லை. உண்மையில் என்ன நடந்தது என்று கேட்கிறோம். அதற்குச் சராசரி வலு வேண்டும். ஃபிப் என்ற சர்வதேசக் கான்கிரீட் அமைப்பின் மாடல் கோடு சொல்கிறபடி 8 கூட்டி 33 மெகாபாஸ்கல் வைக்கலாம். (கியூப், சிலிண்டர் வித்தியாசத்தை இங்கே ஓரமாக வைத்துவிட்டேன்; ஆய்வறிக்கை எழுதுகிறவர்கள் வைக்காதீர்கள்.) கட்டி முடிந்த பீம் என்றால் கோர் எடுத்து, அதாவது பீமிலிருந்தே ஓர் உருளையைத் துளைத்தெடுத்து, சோதிப்பதே நல்லது. நம் ஊர் சித்திரை வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு மறந்துபோன பீமுக்கு, லேபில் ஊறிக் கிடந்த கியூப் சாட்சி சொல்ல முடியாது.

நெகிழ்மைக் குணகம், இந்தியக் கான்கிரீட் தரநிலையான ஐஎஸ் 456:2000 படி, 25-இன் வர்க்கமூலத்தை 5,000-ஆல் பெருக்கி 25,000 மெகாபாஸ்கல். பாய்சான் விகிதம் 0.2.

இழுவிசை வலுவில் பலர் வழுக்குவார்கள். அதே ஐஎஸ் 456-ல் 0.7 × √25 = 3.5 என்று ஓர் எண் இருக்கிறது. அது பீமை வளைத்து உடைக்கும்போது கிடைப்பது. நேராக இழுத்தால் கான்கிரீட் அவ்வளவு தாங்காது. 25-ஐ மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி 0.3-ஆல் பெருக்கினால் 2.56 வரும், மாதிரிக்குக் கொடுக்க வேண்டியது அதுதான். 3.5 கொடுத்தால் விரிசல்கள் தாமதமாகவும் குறைவாகவும் வரும். படம் மட்டும் சுத்தமாக இருக்கும்.

அடுத்தது முறிவு ஆற்றல். கான்கிரீட் கண்ணாடி போலச் சட்டென்று இரண்டாகப் போவதில்லை. விரிசல் வாய் திறக்கும்போதும் ஜல்லி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கொஞ்சம் இழுக்கும். வாய் அகலமாக ஆக அந்தப் பிடி தளரும். ஒரு சதுர மீட்டர் விரிசலை முழுவதும் திறக்கச் செலவாகும் ஆற்றலே முறிவு ஆற்றல். ஹில்லர்போர்க் 1976-ல் கொடுத்தது இந்தக் கருத்துதான். மாடல் கோடு 2010 சூத்திரப்படி, சராசரி வலுவை 0.18 அடுக்குக்கு உயர்த்தி 73-ஆல் பெருக்கினால் மீட்டருக்கு 137 நியூட்டன். நம் அலகில் 0.137. பிடி நேர்கோடாகத் தளர்வதாக வைத்தால், விரிசல் 0.107 மி.மீ திறந்ததும் பிடி பூஜ்யம். ஒரு தாளின் கனம்.

அந்த 0.107-ஐ நன்றாகக் கவனியுங்கள், மெஷ் (எலிமெண்டுகளாகப் பிரித்த வலை) சிக்கல் முழுவதும் அதில்தான் இருக்கிறது. கணினிக்கு விரிசல் தெரியாது. எலிமெண்டின் திரிபுதான், அதாவது தன் நீளத்தில் எந்தப் பங்கு நீண்டது என்பதுதான், தெரியும். 10 மி.மீ எலிமெண்டில் 0.107 மி.மீ திறப்பு என்றால் திரிபு 0.0107. 25 மி.மீ எலிமெண்டில் அதே திறப்பு 0.0043. நீங்கள் ஒரே திரிபு வரைபடத்தை இரண்டுக்கும் கொடுத்தால், 25 மி.மீ மெஷ் விரிசலுக்கு இரண்டரை மடங்கு ஆற்றலை விழுங்கும். பீம் தானாகவே உறுதியாகிவிட்டது போலத் தோன்றும். 1983-ல் பசான்ட், ஓ என்ற இரு ஆய்வாளர்கள் கொடுத்த கிராக் பேண்ட் முறை இதைச் சரிசெய்கிறது: எலிமெண்ட் அளவுக்கு ஏற்ப வரைபடத்தை நீட்டவோ சுருக்கவோ வேண்டும், செலவாகும் ஆற்றல் மாறக் கூடாது. அபாகஸில் இழுவிசைப் பகுதியைத் திரிபாகக் கொடுக்காமல் விரிசல் திறப்பாகவோ முறிவு ஆற்றலாகவோ கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

அபாகஸின் கான்கிரீட் டேமேஜ்டு பிளாஸ்டிசிட்டி மாதிரிக்கு இன்னும் சில எண்கள் வேண்டும். டைலேஷன் கோணம் (நசுங்கும்போது கான்கிரீட் எவ்வளவு விரியும் என்பதன் அளவு) 30-லிருந்து 38 டிகிரிக்குள் எடுப்பார்கள். நான் 35-ல் தொடங்குவேன். எக்சென்ட்ரிசிட்டி 0.1, இருதிசை அமுக்க விகிதம் 1.16, கே மதிப்பு 0.667. எல்எஸ்-டைனா என்றால் 072ஆர்3, அல்லது 159-ஆம் மாதிரி. இரண்டும் அமுக்க வலுவைக் கொடுத்தால் மீதியைத் தாமே நிரப்பிக்கொள்ளும். 159 அமெரிக்க நெடுஞ்சாலைத் துறைக்காக, வண்டி மோதும் சாலைத் தடுப்புகளைக் கணிக்க உருவானது. அதன் தானியங்கி எண்கள் சுமார் 20-லிருந்து 58 மெகாபாஸ்கல் வரை செல்லும், ஆனால் அவற்றில் 28-லிருந்து 48 வரையான நடுப்பகுதிக்குத்தான் முக்கியத்துவம். நம் 33 உள்ளே வருகிறது. 25-ஐக் கொடுத்திருந்தால் வந்திருக்காது.

வேகம் வலுவைக் கூட்டும், ஆனால் இரண்டு முறை கூட்டாதீர்கள்

வேகமாக இழுத்தால் கான்கிரீட் கூடுதலாகத் தாங்கும். மால்வரும் ராஸும் 1998-ல் கொடுத்த சூத்திரத்தில் நம் கான்கிரீட்டைப் போட்டால், நொடிக்கு 1 என்ற திரிபு வேகத்தில் இழுவிசை வலு 1.65 மடங்கு. அதுவரை ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். அதைத் தாண்டியதும் செங்குத்தாக ஏறும். நொடிக்கு 10-ல் 3.5 மடங்குக்கு மேல். எனவே வரைபடத்துக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். இல்லையென்றால் கல் படும் இடத்தில் ஓரிரு எலிமெண்டுகள் இரும்பை விடக் கெட்டியாகி, விரிசலை வேறு பக்கம் தள்ளிவிடும்.

அமுக்கவிசையில் இன்னும் எச்சரிக்கை. மிக வேகமாக நசுக்கும்போது கான்கிரீட் பக்கவாட்டில் விரிய நேரமில்லாமல், அதன் நிலைமமே அதை இறுக்கிப் பிடிக்கிறது. சோதனையில் தெரியும் கூடுதல் வலுவில் ஒரு பங்கு இந்தப் பிடிதான். முப்பரிமாண மாதிரியில் நிறை இருப்பதால் அந்தப் பிடி தானாகவே வந்துவிடும். அதற்கு மேல் சோதனையில் கிடைத்த பெருக்கத்தையும் அப்படியே கொடுத்தால், ஒரே பாலை இரண்டு முறை அளந்து காசு வாங்குகிற கதை.

கம்பிக்கு 15-லிருந்து 25 சதவீதம் வரை கூடும். நாம் தாளில் 1.2 வைத்தது அதனால்தான்.

கம்பி

கம்பியைக் கோடு எலிமெண்டாகப் போட்டு கான்கிரீட்டுக்குள் பதித்துவிடலாம். இழுவையும் அமுக்கமும் மட்டும் தெரிந்த டிரஸ் எலிமெண்டைவிட, வளைவும் தெரிந்த பீம் எலிமெண்ட் நல்லது. சாய்ந்த விரிசலின் குறுக்கே கம்பி ஆணி போல நின்று தடுக்கும் வேலை டிரஸ்ஸுக்குத் தெரியாது. ரிங்கை விட்டுவிடாதீர்கள், கவரை, அதாவது கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட்டின் கனத்தை, சரியாக வையுங்கள். வரைபடத்தில் 25 என்று இருக்கும். கவர் பிளாக் நகர்ந்துபோன பீமில் 40-ம் பார்த்திருக்கிறேன், கம்பி வெளியே எட்டிப் பார்ப்பதையும் பார்த்திருக்கிறேன்.

மெஷ், தாங்கி, கல்

10 மி.மீ கனசதுர எலிமெண்டில் தொடங்குங்கள். 15 × 25 × 230, மொத்தம் 86,250. 16 ஜிபி நினைவகம் உள்ள லேப்டாப்புக்கு இது பாரமில்லை. பாதிப் பீமை மட்டும் கட்டிச் சமச்சீர் கொடுக்கலாம் என்று ஆசை வரும். கொடுத்தால் கல்லின் நிறையையும் பாதியாக்க மறக்காதீர்கள். எனக்கு முழுப் பீம்தான் பிடிக்கும். உண்மையான விரிசல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருவதில்லை. சமச்சீர் கொடுத்தால் வந்தே தீரும்.

தாங்கியில் பீமின் நோடுகளை நேரடியாகப் பூட்டிவிடாதீர்கள். கீழே ஓர் இரும்புத் தகடு, தகட்டுக்கும் பீமுக்கும் இடையே கான்டாக்ட் (தொட்டால் தள்ளும், ஒட்டிப் பிடிக்காது). காரணம்: அடி விழுந்ததும் பீமின் முனைகள் மேலே எழும்பப் பார்க்கும். சோதனைக் கூடங்களில் முனைகளை மேலிருந்தும் பிடித்துக் கட்டுவார்கள். மேலூர் மேடையில் பீம் கல்சுவர் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. முனையைப் பூட்டினால், பட்டறையில் இல்லாத ஒரு பீமின் கதையைக் கணினி சொல்லும்.

கல்லை அரை மீட்டர் உயரத்தில் நிறுத்தி விழவிட வேண்டாம். விழவே 0.32 நொடி ஆகும். லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் காற்றில் வீண். பீமுக்கு 1 மி.மீ மேலே வைத்து நொடிக்கு 3,130 மி.மீ வேகத்தைக் கொடுத்துவிடுங்கள். புவியீர்ப்பையும் சேர்த்துக் கொடுங்கள். கல் தட்டையாக விழுந்ததா, விளிம்பில் விழுந்ததா என்று பார்த்தவரிடம் கேளுங்கள். முதல் மில்லிசெகண்டின் கதை அதைப் பொறுத்து முழுக்க மாறும்.

ஓட்டம்

கான்கிரீட்டில் அதிர்வு நொடிக்கு சுமார் 3,200 மீட்டர் ஓடும், இரும்புக் கம்பியில் சுமார் 5,000. ஒரு நேரப் படிக்குள் அதிர்வு ஓர் எலிமெண்டைத் தாண்டக் கூடாது. எனவே 10 மி.மீ கான்கிரீட் எலிமெண்டுக்கு 3 மைக்ரோசெகண்ட், அதே நீளக் கம்பிக்கு 2. மென்பொருள் அதிலும் கொஞ்சம் குறைத்தே எடுக்கும். கல் நிற்க 20 மில்லிசெகண்ட் என்று தாளில் போட்டோம்; எகிறுவதையும் அடங்குவதையும் சேர்த்து 60 மில்லிசெகண்ட் ஓட்டுங்கள். முப்பதாயிரம், நாற்பதாயிரம் படிகள் வரும்.

வேகப்படுத்த மாஸ் ஸ்கேலிங் என்று ஒன்று உண்டு: எலிமெண்டுக்குச் செயற்கையாக நிறையைக் கூட்டிப் படியைப் பெரிதாக்குவது. மோதல் கணக்கில் நிறைதான் கதாநாயகன். அதைத் தொடாதீர்கள்.

முதல் 5 மில்லிசெகண்டுக்கு விசையை மிக நெருக்கமாக, 0.01 மில்லிசெகண்டுக்கு ஒரு முறையாவது, பதியச் சொல்லுங்கள். அரிதாகப் பதிந்தால் உச்சம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே காணாமல் போகும். இரவு ஓட்டிவிட்டுத் தூங்குகிறவர்கள் ரீஸ்டார்ட் கோப்பு எழுதச் சொல்லிவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் எங்கள் தெருவில் கரண்ட் போகாத இரவு குறைவு. லேப்டாப்பும் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

விடையைப் பார்க்கும் வரிசை

ஓட்டம் முடிந்தது. கை தானாக டேமேஜ் படத்துக்குப் போகும். பொறுங்கள்.

நிறை: 0.207 டன், கம்பியின் பங்கு கொஞ்சம் கூட. சரிதானா?

ஆற்றல்: மொத்தம் தொடக்கம் முதல் முடிவு வரை கிட்டத்தட்ட ஒரே கோடாக இருக்க வேண்டும். இயக்க ஆற்றல் இறங்க, உள் ஆற்றல் ஏற வேண்டும். நடுவில் ஒரே புள்ளியில் மட்டும் கணக்கிடும் எலிமெண்டுகளுக்கு ஹவர்கிளாஸ் என்று ஒரு நோய் உண்டு. திரிபே இல்லாமல் எலிமெண்ட் சாய்ந்து நெளியும். அதை அடக்கச் செலவாகும் ஆற்றல் உள் ஆற்றலில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 10-ஐத் தாண்டினால் அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போடுங்கள். கான்டாக்ட் ஆற்றல் எதிர்மறையாகப் போனால் கல் பீமுக்குள் புகுந்திருக்கிறது.

உந்தம்: எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. யாரும் ஏமாற்ற முடியாது. கல்லின் உந்தம் 300 × 3.13 = 939 நியூட்டன் நொடி. நிற்கும் 20 மில்லிசெகண்டில் அதன் எடை தருவது சுமார் 59. எனவே கல் நிற்கும்வரை உள்ள மோதல் விசை வரைபடத்தின் பரப்பு ஆயிரத்தை ஒட்டி வர வேண்டும். உச்ச விசை எவ்வளவு ஊசியாக இருந்தாலும் பரப்பு மாறாது.

அடுத்து மோதல் விசையையும் தாங்கி விசையையும் ஒரே தாளில் வரையுங்கள். மேஸ்திரியின் கேள்விக்கு விடை இங்கே வந்துவிடும். கல் படும் இடத்தில் விசை ஒரு மில்லிசெகண்டுக்குள் நிலைச்சுமைத் திறனான 44-ஐத் தாண்டி ஊசியாக ஏறி இறங்கும். அந்த நேரத்தில் தாங்கியில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. அடிபட்ட சேதி ஒரு மீட்டர் தள்ளி உள்ள தாங்கிக்குப் போய்ச் சேரவே 0.3 மில்லிசெகண்ட் வேண்டும். வளைவு அலை இன்னும் மெதுவாக வரும். அப்படியானால் அந்த உச்ச விசையை எது தாங்கியது? பீமின் சொந்த நிறைதான். நடு இறங்கிவிட்டது, ஓரங்களுக்கு இன்னும் தெரியாது, அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் பீம் மேல்நோக்கிக் குவிந்து வளைகிறது, இரண்டு பக்கமும் யாரோ இறுக்கிப் பிடித்த பீம் மாதிரி. குவிந்த இடத்தில் மேல்முகம் இழுபடுகிறது. தலையில் வெடிப்பு அதனால்தான்.

பிறகு தொய்வு. 20-30 மி.மீ. ஒட்டி வைத்த தாளைப் பாருங்கள்.

இவ்வளவும் சரியென்றால் இப்போது டேமேஜ் படத்தைத் திறக்கலாம். மூன்று வகை விரிசல் தெரிய வேண்டும். கல்லுக்கு நேர் கீழே அடியிலிருந்து மேலேறும் வளைவு விரிசல்கள். கல்லின் இரு ஓரத்திலிருந்தும் ஏறக்குறைய 45 டிகிரியில் கீழிறங்கி ஒரு கூம்பைப் பிரிக்கும் சாய்ந்த விரிசல்கள். இதை ஷியர் பிளக் என்பார்கள். தள்ளி, மேல்முகத்தில் இறங்கும் விரிசல்கள். நேரப்படியாக ஓட்டிப் பாருங்கள்: சாய்ந்தவை முதலில் வரும், தொய்வோடு வரும் அடிவிரிசல்கள் பிறகு அகலமாகும்.

எலிமெண்டை அழிக்கும் வசதியைப் பற்றி ஒரு வார்த்தை. குறிப்பிட்ட திரிபைத் தாண்டியதும் எலிமெண்ட் மறைந்துவிடும். படத்தில் விரிசல் அசல் மாதிரியே இருக்கும். ஆனால் மறைவது கான்கிரீட்டின் நிறையும் அமுக்கத் தாங்குதிறனும்தான். அவசரப்பட்டுக் குறைந்த திரிபில் அழித்தால் பீம் பல்லுப்போன சீப்பாகிவிடும். கணக்கு நின்றுபோகாமல் காப்பாற்ற மட்டுமே அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே விடையை நம்பாதீர்கள்

அதே பீமை 25, 10, 5 மி.மீ மெஷ்களில் ஓட்டுங்கள். 10-லிருந்து 5-க்குப் போனால் எலிமெண்டுகள் எட்டு மடங்கு, படிகள் இரண்டு மடங்கு. ஆக நேரம் 16 மடங்கு. ஒரு முறையாவது பொறுத்துக்கொள்ள வேண்டும். தொய்வும் உந்தமும் 10-க்கும் 5-க்கும் ஒட்டி வந்தால் போதும். விரிசல் கோடுகள் கொஞ்சம் இடம் மாறும், அது பரவாயில்லை.

உங்கள் பீமுக்குப் போகும் முன், பதிப்பிக்கப்பட்ட சோதனை ஒன்றைத் திரும்பச் செய்து பார்ப்பது இன்னும் நல்லது. டொரான்டோவில் சாட்சி, வெக்கியோ என்ற இரு ஆய்வாளர்கள் செய்து 2009-ல் வெளியிட்ட பீம் சோதனைகள் இதற்குப் பேர்போனவை. 3 மீட்டர் இடைவெளிப் பீம்கள் மேல் 211, 600 கிலோ எடைகளை நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போட்டார்கள். ரிங் போதுமான அளவு இருந்த பீம்களிலும் ஷியர் பிளக் வந்தது. அதே ஆண்டு ஜப்பானில் ஃபுஜிகாகே குழு வெளியிட்டது 400 கிலோ எடை, நம் பீமை ஒத்த 150 × 250 மி.மீ அளவு. உங்கள் பொருள் எண்கள் அந்தச் சோதனைகளில் தேறினால், பிறகு தைரியமாக மேலூருக்குக் கொண்டுவரலாம்.

சொந்தமாகச் சின்னச் சோதனை செய்ய வாய்ப்புள்ள கல்லூரி மாணவர்களுக்கு: பீமுக்குச் சுண்ணாம்பு அடித்து, 50 மி.மீ கட்டமாக நூல் அடியுங்கள், கொத்தனார் அடிப்பது போலவே. விரிசல் எந்தக் கட்டத்தில் என்று பிறகு சண்டை வராது. செல்போனின் ஸ்லோமோஷன், நொடிக்கு 240 படம் என்றால், 4 மில்லிசெகண்டுக்கு ஒரு படம். மோதல் உச்சத்தை அது பிடிக்காது. 20 மில்லிசெகண்டில் இறங்கும் தொய்வை ஐந்து புள்ளிகளில் பிடித்துவிடும். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், கல் எகிறும்.

மேடைக்குத் திரும்பி

பட்டறையில் அந்தப் பீமை உடைத்துவிட்டுப் புதிது போட முடிவானது. கணினி காட்டிய படத்தை வைத்து நான் மாற்றச் சொன்னது ஒன்றே ஒன்று: நடு ஒரு மீட்டரில் ரிங் இடைவெளி 150-க்குப் பதில் 75. கம்பி கட்டும் அண்ணன் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், ஓரத்துலதான ரிங்கு நெருக்கமா வரும்? நடுவுல அகலமாத்தான விடுவோம்? மாத்திப் போட்டுட்டீங்களோ?"

"இல்லண்ணே. கல்லு ஓரத்துல விழாது. விழுற எடத்துல கூம்பாப் பேத்துக்கிட்டுப் போகுது. அதப் புடிக்கத்தான்."

அவர் பழைய பீமின் உடைந்த நடுத்துண்டை ஒரு பார்வை பார்த்தார். சாய்ந்த வெடிப்பின் குறுக்கே ஒரே ஒரு ரிங்தான் போயிருந்தது. அதில் விரலை வைத்து இப்பக்கமும் அப்பக்கமும் ஜாண் போட்டு அளந்துவிட்டு, ரிங் வளைக்க உட்கார்ந்தார்.